பச்சைப் பட்டனில் ஒரு பொட்டு

“மாப்ளே, செத்துப்போன போர்வெல் ஒண்ணு இன்னிக்கு எனக்கு எழுந்து நின்னு வணக்கம் சொல்லுச்சு. மூணு மாடி உயரத்துக்கு!”

இளங்கோவன் இதைச் சொன்ன சத்தத்துக்குப் போனே தேவையில்லை. பெங்களூரு வைட்ஃபீல்டில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். மீதிப் பாதி டிராஃபிக்கில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள்.

மறுமுனையில் ஆபீஸில் இருந்த மாப்பிள்ளை உமேஷ் சிரித்தான்.

“மாமா, போன வாரம் மிக்ஸி உங்களைப் பார்த்துக் கண்ணடிச்சுதுன்னு சொன்னீங்க.”

“அது லூஸ் கனெக்‌ஷன், ஒத்துக்கறேன். இது வேற மாப்ளே. நம்பலைன்னா உங்கப்பாவக் கேளுங்க. இங்கதான் நிக்கிறாரு.”

சிரிப்பு நின்றது.

“அப்பா பார்த்தாரா? அப்போ போனை அவர்கிட்ட குடுங்க. அவர் சொன்னா நம்பறேன்.”

ஸ்பீக்கரில் கிடந்த போன் சந்திரனை நோக்கி நீண்டது. சுற்றி நின்றவர்களின் கழுத்தெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

சந்திரன் எப்படிப்பட்டவர் என்றால், மணி பத்தேகாலுக்கு ஒரு நிமிடம் குறைவாக இருந்தால் அந்த ஒரு நிமிடத்தையும் காத்திருந்து பிறகுதான் பத்தேகால் என்பார். பிறந்ததிலிருந்து ஒரு சொல்லைக்கூட ஊதிப் பெரிதாக்கியவர் இல்லை. பிறந்தபோதுகூடத் தேவையான அளவுக்கு மட்டும்தான் அழுதிருப்பார். அவர் அணிவது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இன்று அந்த வெள்ளை, சூளையில் இருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லின் நிறத்தில் இருந்தது. மீசையில் இருந்து செந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா? இருக்கீங்களா?”

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அவர் தொண்டையிலேயே ஏன் நிறுத்தி வைத்தார் என்பது புரிய, நாம் காலை டிபன் நேரத்துக்குப் போக வேண்டும்.

கதையில் இன்றைக்குத்தான் ஏறிக்கொள்கிறவர்களுக்கு, பஸ் கிளம்பும் முன் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் உமேஷும் அவன் மனைவி பார்கவியும். அவர்களோடு பார்கவியின் பெற்றோர் இளங்கோவனும் யசோதாவும். அதற்கு நேர் கீழே, முதல் மாடியில் தனியாக உமேஷின் அப்பா சந்திரன். நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

காவிரித் தண்ணீர் இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. குழாய் மட்டும் முன்கூட்டியே வந்து, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிற பேண்டு செட் மாதிரிக் காத்திருக்கிறது. கட்டடத்துக்கு இருந்தது ஒரே போர்வெல். அதுவும் போன கோடையில் கண்ணை மூடிவிட்டது. ‘இனி இதில் தண்ணீர் வராது’ என்று அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் சந்திரன்தான். தோண்டும்போது இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அதற்கப்புறம் டேங்கர் லாரி. லாரி வராத நாளில் பக்கெட். பார்கவிக்கு இப்போது நாலாவது மாதம்.

“ஏப்ரல்ல குழந்தை பொறக்கும். அந்த ஏப்ரல்லயும் இவ பக்கெட் தூக்கணுமா?” என்று உமேஷ் கேட்டான். ஊருக்கு வெளியே சந்தாபுராவில் தண்ணீர் வசதியுள்ள தனி வீடு ஒன்றைப் பேசி முடித்தான். சாமான் ஏற்ற லாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. “நீங்களும் வந்துடுங்கப்பா” என்று கூப்பிட்டதற்கு, “நான் எங்கயும் வரலை” என்று சந்திரன் போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவைச் சாத்தியவருக்கு வெள்ளிக்கிழமை காலை தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

நாற்காலி இழுக்கிற சத்தம். மிக்ஸி. ஏதோ விழுந்து உருள, “என்னங்க, பார்த்து!” என்று யசோதா. அதற்கு இளங்கோவனின் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முதல் மாடி ஃபேன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். இத்தனை வருடமும் இந்தச் சத்தங்களைப் பற்றிச் சந்திரன் புகார் சொல்லாத வாரம் இல்லை. இன்று பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மேலே யாரும் நாற்காலி இழுக்கப்போவதில்லை.

கதவு தட்டப்பட்டது. பார்கவி டிபன் டப்பாவோடு நின்றாள்.

“மாமா, இட்லி. சட்னி தனியா இருக்கு.”

“நேத்து ரசத்துல உப்பு கம்மி.”

“சரி மாமா.” அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தினமும் கம்மி, இல்லையென்றால் ஜாஸ்தி. சரியாக இருந்த நாள் ஒன்று அவளுக்கு நினைவில் இல்லை. “இன்னிக்குக் கிணத்த மூடறாங்களாமே. நீங்க கீழ போகணுமா?”

“போகணும். அசோசியேஷன் மமதா மேடம் கூப்பிட்டிருக்காங்க. மோட்டாரை வெளிய எடுத்துட்டு, வாயில கான்கிரீட் போட்டு, அந்த இடத்துல ரெண்டு கார் நிறுத்தப் போறாங்க. நான் பக்கத்துல இருக்கணுமாம்.”

“அப்பாவும் வரேன்னு குதிச்சிட்டிருக்கார்.”

“அவர் எதுக்கு?”

பார்கவி கூரையைக் காட்டினாள். மேலே இருந்து பூஜை மணியோசை கேட்டது. அதுவே பதில்.

இளங்கோவனின் மணியோசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நொண்டும்.

இதே பெங்களூரின் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து, பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு மாதம் முன்பு கரண்ட் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அவர் கணக்கில் மூன்று நாள். வாட்ச்மேன் கணக்கில் ஒரு டீ ஆறுகிற நேரம். கதவு திறந்ததும் அவர் வாட்ச்மேனுக்கு நன்றி சொல்லவில்லை. லிஃப்டுக்குச் சொன்னார். “இத்தன வருஷம் ஏத்தி ஏத்தி எறக்குன, ஒரு தாங்க்ஸ் சொன்னேனா உனக்கு?” என்று அதன் கதவைத் தடவினார்.

அன்று பிடித்தது. ஆயுத பூஜை வருடத்துக்கு ஒரு நாள்தானே எல்லோருக்கும்? இளங்கோவனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஆயுத பூஜை. “வருஷம் பூரா உழைக்குது, ஒரே ஒரு நாள் பொட்டு வச்சா நியாயமா?” என்று கேட்டார். மிக்ஸிக்குச் சந்தனம், ஃபிரிட்ஜுக்குப் பூ, வைஃபை பெட்டிக்கு எலுமிச்சம்பழம். ஒரு வெள்ளிக்கிழமை உமேஷின் லேப்டாப்புக்கு நெற்றி எது என்று தெரியாமல், மேலே இருந்த சின்னக் கண்ணாடிப் புள்ளியில் குங்குமம் வைத்துவிட்டார். அது கேமரா. அன்று மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் உமேஷுக்குப் பதிலாக ஒரு சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தார்கள்.

சந்திரனுக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. “நன்றிங்கறது மேடையில பேசறவங்க கடைசியா சொல்றது. அதைச் சொன்னா கூட்டம் கலைஞ்சிடும்” என்பார்.

லிஃப்ட் முதல் மாடியில் திறந்தபோது உள்ளே இளங்கோவன் பூஜைத் தட்டோடு நின்றிருந்தார். பக்கத்தில் யசோதா, கற்பூரமும் தீப்பெட்டியுமாக.

“வாங்க சம்பந்தி. சாவு வீட்டுக்குச் சேந்தே போவோம்.”

“போர்வெல்லை மூடறதுக்கு எதுக்கு இளங்கோவன் சார் பூஜை? அது மெஷின்கூட இல்லை. ஓட்டை.”

“ஓட்டைதான். அந்த ஓட்டையிலருந்துதான நாம எல்லாம் குளிச்சோம்?”

“அண்ணா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க” என்றாள் யசோதா, சந்திரனிடம். “இவர் போன வெள்ளிக்கிழமை என் மூக்குக் கண்ணாடிக்குப் பொட்டு வச்சிட்டார். கேஸ்காரன் யாரு, கொரியர்காரன் யாருன்னு தெரியாம நாள் பூரா அலைஞ்சேன்.”

கீழே, கார் நிறுத்துமிடத்தின் மூலையில் போர்வெல்லின் இரும்புக் குழாய் தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த வளைவைக் கான்ட்ராக்டர் டெஸ்மண்ட் ஏற்கனவே கழற்றி வைத்திருந்தார். குழாயின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. பக்கத்தில் மணல், ஜல்லி, சிமெண்ட் மூட்டை. பின் சுவரில் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் ஒரு சிவப்பு பட்டன், ஒரு பச்சை பட்டன்.

செயலாளர் மமதா கையில் சாவிக்கொத்தோடு நின்றார். “பன்னி சார், பன்னி” என்று கன்னடத்தில் ‘வாங்க’ சொன்னார். “சீக்கிரம் முடிக்கணும். மத்தியானம் எனக்கு மீட்டிங் இருக்கு.”

“மெயின் ஆஃப் பண்ணியாச்சா டெஸ்மண்ட்?” என்றார் சந்திரன்.

“பாடிதானே சார். பாடிக்கு எதுக்கு ஆஃப்? கயிறு கட்டும்போது பண்ணிக்கலாம்.”

‘பாடி’ என்ற சொல் சந்திரனுக்குச் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்துக்கு அப்புறம் அவர் இந்த மூலைக்கே வந்ததில்லை. வந்து பார்க்க மனசு வரவில்லை. தண்ணீர் வந்த வருடங்களில் யாரும் இந்தக் கிணற்றை யார் காட்டினார்கள் என்று கேட்டதில்லை. நின்ற மறுநாளே மூன்று மாடியிலும் ஒரே பேச்சு: ‘சந்திரன் சார் பாத்துக் குடுத்த இடமாம்.’

“ஒரு நிமிஷம் மேடம்” என்று இளங்கோவன் தட்டோடு முன்னால் வந்தார். “ஸ்வல்ப டைம் குடுங்க. போறவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்.”

மமதா வாட்சைப் பார்த்தார். டெஸ்மண்ட் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். யசோதா, “என்னங்க, சுருக்கமா” என்றாள். நடக்காத காரியம்.

இளங்கோவன் குழாயின் முன் குந்தி உட்கார்ந்தார். பேச்சு அதன் காதில் விழ வேண்டுமாம்.

“அய்யா, இல்ல தாயே, நீ ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது, மன்னிச்சுக்க. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து உன் தண்ணியிலதான் பல்லு வெளக்குனேன். ஒரு நாள் உன் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. உன் தலைமேல கார் கவர் காயப் போட்டிருக்கேன். எம்பொண்ணு கல்யாணத்துல லட்சம் பேர் கை கழுவுனது உன் தண்ணி…”

“இருநூறு பேர்” என்றாள் யசோதா.

“கழுவுன கையெல்லாம் ரெண்டு ரெண்டா எண்ணிப்பாரு. கொரோனா வந்தப்ப ஊரே கையக் கழுவு, கையக் கழுவுன்னுச்சு. கழுவத் தண்ணி குடுத்தது நீ. நாங்க பால்கனியில நின்னு தட்டத் தட்டுனோம். உனக்கு ஒரு சொட்டுச் சத்தம் போடல. இப்ப உன்கிட்ட ஒண்ணும் இல்ல. நாங்களும் ஒண்ணும் கேட்டு வரல. இருந்தத எல்லாம் குடுத்துட்ட, போய் வா. அவ்ளோதான்.”

மமதா வாட்சைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

இளங்கோவன் கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார். எழுந்தவர், ஏதோ மறந்துபோனதுபோல் மறுபடி குனிந்தார்.

“இன்னொண்ணு. உன்ன இங்கதான் தோண்டணும்னு கைய நீட்டிக் காட்டுனது எங்க சம்பந்தி. அத்தன வருஷம் தண்ணி வந்துச்சு, அவர்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. நான்கூடத்தான். நின்னப்புறம் எல்லாரும் சொன்னோம். அவருக்கும் சேத்து இன்னிக்கே சொல்லிடறேன். ரொம்ப நன்றி.”

திரும்பிச் சந்திரனைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துத்தான் சொன்னார்.

சந்திரன் தூணில் கை வைத்தார். தூண் அசையப்போகிறது என்பதால் அல்ல. துறையில் இருந்த காலம் முழுக்க ஊர் ஊராகப் போய், காட்டில், கரம்பில், முள்ளில் நின்று ‘இங்கே தோண்டுங்கள்’ என்று காட்டியவர். தண்ணீர் வந்த இடத்தில் ஊர் சாமிக்குத்தான் தேங்காய் உடைக்கும். அதுதான் முறை என்று இருந்துவிட்டார். ஒரு மனிதர் தன் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன இரண்டு சொல் இப்படி நெஞ்சில் வந்து இடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“சரி, பொட்டு வச்சிட்டு வாங்க” என்றாள் யசோதா.

இளங்கோவன் குழாய்க்குச் சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம். பிறகு பின் சுவருக்குப் போனார்.

“இவரும் வேலைக்காரர்தான். இவர விட்டுடக் கூடாது.”

ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு பட்டனுக்கு ஒரு பொட்டு. “நிறுத்துனவருக்கு ஒண்ணு.” அடுத்து பச்சை. “ஓட வச்சவருக்கு ஒண்ணு.”

பச்சையில் தூசி படிந்திருந்தது. சந்தனம் ஒட்டவில்லை, வழுக்கியது. அரைகுறையாகப் பொட்டு வைக்கிற ஆளா இளங்கோவன்? கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.

‘டக்.’

காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், ஏதோ ஒன்று உறுமத் தொடங்கியது.

“சார்! என்ன பண்ணீங்க?” டெஸ்மண்ட் துள்ளினார்.

“நான் ஒண்ணும் பண்ணலப்பா! பொட்டுதான் வச்சேன்!”

“ஆஃப் பண்ணுங்க! தண்ணி இல்லாம ஓடினா மோட்டார் எரிஞ்சிடும்!” சந்திரன் ஓடினார். வேட்டி தடுக்கியும் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை இந்தக் கட்டடம் பார்த்ததே இல்லை. நாற்காலியில் இருந்து எழுவதற்கே முதல் நாள் நோட்டீஸ் கொடுக்கிறவர். இளங்கோவனை விலக்கி, சந்தனம் பூசிய சிவப்பு பட்டனுக்கு நேராக விரலை நீட்டினார்.

விரல் நடுவழியில் நின்றது.

தண்ணீர் இல்லாமல் சுற்றுகிற மோட்டார் எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியும். மெலிதாக, வெறுமையாக, காலி டப்பாவுக்குள் ஈ பறக்கிற மாதிரி. இந்தப் பெட்டியில் ஒரு பாதுகாப்பும் உண்டு. தண்ணீர் இல்லை என்றால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். போன ஏப்ரலில் எத்தனை முறை போட்டாலும் அத்தனை முறையும் அணைந்தது.

இப்போது அணையவில்லை.

சத்தமும் மெலிதாக இல்லை. கனமாக இருந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறவனின் மூச்சைப்போல, ஒவ்வொரு படியாக மேலே வந்துகொண்டிருந்தது.

‘அழுத்து’ என்றது அவருடைய படிப்பு. ‘அழுத்தாதே’ என்றது அவருடைய காது. இது செத்த கிணறு என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது அவருடைய வாய். விரலை அழுத்தினால் அந்தச் சொல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை லாரியும் வந்து நிற்கும்.

சந்திரன் விரலை மடக்கிக்கொண்டார்.

“யாரும் தொடாதீங்க” என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

மெல்ல நடந்து குழாயருகே போனார். வாய்க்குள்ளிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. முதலில் நூலாக. பிறகு பெருமூச்சாக. துருவும் ஈரமண்ணும் கலந்த வாசனை. அந்த வாசனை அவருக்குத் தெரியும். முப்பது வருட வேலையின் வாசனை. இன்னும் குனிந்தார். காதை வைத்தார்.

“அண்ணா, தள்ளி நில்லுங்க!” என்று யசோதா கத்தினாள்.

குழாய் ஒருமுறை விக்கியது. இரண்டாம் முறை இருமியது. மூன்றாம் முறை, உள்ளே அடைத்துக்கொண்டிருந்த அத்தனை மாத மௌனத்தையும் ஒரேயடியாகக் கக்கியது.

செந்நீர்! அப்படியே எழும்பி, சந்திரனின் முகத்தில், மீசையில், வெள்ளைச் சட்டையில் மோதி, அவரைத் தாண்டி மேலே போய், விரிந்து, மமதாவின் சாவிக்கொத்து, டெஸ்மண்டின் தொப்பி, யசோதாவின் கற்பூரம் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. பிரிக்காத சிமெண்ட் மூட்டை நனைந்து, அந்த நிமிடமே உத்தியோகத்தை இழந்தது.

“அய்யோ தேவரே!” என்றார் மமதா. வேறெதுவும் சொல்லவில்லை. அவர் பேச்சில்லாமல் நின்றது அசோசியேஷன் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

சிவப்பு, செம்மஞ்சள் ஆனது. செம்மஞ்சள் வெளுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெளிந்து, வெயிலில் உருகிய கண்ணாடியாக நின்று ஆடியது.

ஜன்னல்கள் திறந்தன. பால்கனிகளில் தலைகள். பக்கெட்டோடு ஓடி வந்தவர்கள் பக்கெட்டை நீட்ட மறந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, செல்ஃபி எடுக்கவில்லை. வெளியே ரோட்டில் ஹார்ன்கள் எப்போதும்போல அலறிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அங்கே நின்றவர்களுக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

பார்கவி படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் உள்ளங்கையைத் தண்ணீருக்குள் நீட்டினாள்.

“மாமா… சில்லுன்னு இல்ல. வெதுவெதுன்னு இருக்கு!”

“ஆழத்துத் தண்ணிம்மா. அப்படித்தான் இருக்கும்.”

“எங்கருந்து மாமா வந்துச்சு?”

அவருக்குப் பதில் தெரியும். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மொட்டை மாடித் தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழியில் இறங்கியிருக்கும். பாறை இடுக்கில் எங்கோ ஒரு விரிசல் வாங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் அவர் படித்ததுதான். ஆனால் எந்த மழை? போன மாதத்து மழையா? அவர் பிறப்பதற்கு முன்னால், இந்த ஊருக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் எந்தக் காட்டின்மேலோ பெய்து, இருட்டில் பாறையோடு பாறையாகப் படுத்துக்கிடந்த மழையா? அது இத்தனை காலம் காத்திருந்து, ஒரு மனிதர் ‘போய் வா’ என்று விடைகொடுத்த நேரத்தில்தானா எழுந்து வர வேண்டும்?

“தெரியலைம்மா” என்றார் சந்திரன்.

அந்த வார்த்தையைச் சொன்னதில் அவருக்கு இவ்வளவு நிம்மதி வந்திருக்கக் கூடாது. வந்தது. அவரும் கையை நீட்டினார். மாமனாரின் கையும் மருமகளின் கையும் ஒரே தண்ணீரில் நனைந்தன.

“பார்கவி.”

“சொல்லுங்க மாமா.”

“இன்னிக்கு ரசத்துல உப்பு சரியா இருந்துச்சு.”

பார்கவி விழித்தாள். “மாமா, இன்னிக்கு ரசம் இன்னும் வைக்கவே இல்லையே.”

“நேத்து ரசத்தைச் சொல்றேன்.”

“காலையில கம்மின்னீங்களே?”

“சரியாத்தான் இருந்துச்சு” என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு.”

பார்கவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகம் முழுக்க ஏற்கனவே ஈரம். எது எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

டெஸ்மண்ட் தொப்பியைப் பிழிந்தபடி வந்தார். “சார், சந்தோஷம்தான். ஆனா ஒரு நாள் தண்ணிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கும் வருதான்னு பாக்கணும்.”

“பார்க்கலாம்” என்றார் சந்திரன். “ஆனா இன்னிக்கு மூட வேணாம்.”

மமதா தலையாட்டினார்.

அந்த நேரத்தில்தான் இளங்கோவன், கட்டைவிரலில் சந்தனம் காயாமலே, மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

“அப்பா?” உமேஷின் குரல் ஸ்பீக்கரில் மூன்றாவது முறையாகக் கேட்டது. “என்னதான் நடக்குது அங்க? லாரிக்காரர் வேற ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். ஞாயித்துக்கிழமை கன்ஃபார்மான்னு கேக்கறார். நான் இன்னும் பதில் சொல்லலை.”

பார்கவி சந்திரனைப் பார்த்தாள். யசோதா சந்திரனைப் பார்த்தாள். ஒரு காக்காகூடச் சுவரில் உட்கார்ந்து சந்திரனைத்தான் பார்த்தது.

“சந்தாபுரா வீட்டுக்கார அம்மா சாயந்திரம் சாவி தர வராங்கப்பா. நீங்க சொன்னதை நம்பித்தான் அந்த வீட்டைப் பேசினேன். இப்ப மாமா இப்படிச் சொல்றார். முதல்ல நடந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் லாரியைப் பத்தி யோசிக்கலாம்.”

சந்திரன் நிமிர்ந்தார். இளங்கோவன் எதிரே நின்றார், பேசாமல். அதுவே ஒரு அதிசயம். பரீட்சை ரிசல்ட் போர்டு முன்னால் நிற்கிற பையனின் முகம் அவருக்கு. மூன்று மாடி என்று சொல்லிவிட்டோமே என்ற பயம் அதில் தெரிந்தது. உண்மையில் தண்ணீர் எழும்பியது ஓர் ஆள் உயரம். கொஞ்சம் தாராளமாகப் போட்டால் ஒன்றரை ஆள். சந்திரன் அளவுக்கே பிறந்தவர். அவர் கண் தப்பாது.

போனை வாங்கி வாயருகே வைத்தார்.

“உமேஷ்.”

“சொல்லுங்கப்பா.”

“உன் மாமனார் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு.”

இளங்கோவனின் தோள் தொங்கியது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அதானே பார்த்தேன். என்ன தப்பு?”

“மூணு மாடி இல்லை.”

“பின்னே?”

சந்திரன் மீசையில் சொட்டிய செந்நீரைப் புறங்கையால் துடைத்தார். சம்பந்தியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

“மொட்டை மாடியைத் தாண்டிப் போச்சுடா” என்றார். “நான் சொன்னது தப்பு. கிணறு உயிரோடதான் இருக்கு. நடந்துச்சு உமேஷ். என் கண் முன்னால நடந்துச்சு.”